மூன்று சுழியா, இரண்டு சுழியா?

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதுகிறாள். கவனக்குறைவு என்கிறார் ஆசிரியை. கண்டித்தும் பலனில்லை.
— பட்டு நெசவாளர், போளூர்

பதில்: கண்டிக்காதீர்கள், முதலில் கண்ணைச் சோதியுங்கள். 'ண'வுக்கு மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு. கிட்டப்பார்வைக் குழந்தைக்குத் தூரத்தில் இரண்டும் வெறும் வெள்ளைத் தீற்றல்தான். எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று நினைத்திருப்பாள். பிறகு எப்படி வந்து சொல்வாள்? அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கும் உங்களுக்குக் கண்ணின் அருமை தெரியாததா?

ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவர்க் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலானால் அது 'சோம்பல் கண்' (ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராத நிலை) ஆக இருக்கலாம்; தாமதம் கூடாது. அதற்கு 7, 8 வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். கண்ணாடி போட்டால் பார்வை கெடும் என்பது வீண் பயம். அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால் இலவசக் கண்ணாடி கிடைக்குமா என்று பள்ளியிலேயே விசாரியுங்கள். இந்த வாரமே திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதுவரை முதல் பெஞ்சில் உட்கார வைக்கும்படி ஆசிரியையிடம் கேளுங்கள்.