நட்சத்திர வீரரின் விலை

நாம் திடலில் ஆடும் ஹாக்கியைக் கனடா நாட்டார் பனித்தரையில் சறுக்கி ஆடுகின்றனர். அங்கே எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி, வேய்ன் கிரெட்ஸ்கியின் தலைமையில் 1984 முதல் 1988 வரை நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1988 ஆகஸ்டு 9-ஆம் நாள் அணியின் உரிமையாளர் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார். ஈடாக 1 கோடியே 50 லட்சம் டாலரும் இளம் வீரர்களும் கிடைத்தனர். விடைபெறும்போது கிரெட்ஸ்கியே செய்தியாளர் முன் கண்கலங்கினார்.

அணி அத்தோடு வீழ்ந்ததென்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் 1990-இல் மெஸ்ஸியர் தலைமையில் எட்மண்டன் மீண்டும் வென்றது! கிரெட்ஸ்கியைப் பெற்ற அணியோ 1993-இல் இறுதியாட்டத்தில் தோற்றது. எனினும் 1991-இல் மெஸ்ஸியரும் நியூயார்க் அணிக்குப் போய்விட்டார். 2005-இல்தான் வீரர் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. முதலாண்டில் அணிக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர்.