வெளுக்காத சாயம்

நுழையும்முன்

துணியில் நிறத்தை ஏற்றுவது எளிது. ஏற்றிய நிறத்தை நிலைக்கச் செய்வது அரிது. இலை, வேர், காய், பட்டை ஆகியவற்றைக் கொண்டே அவ்வரிய செயலைச் சோழமண்டலக் கடற்கரையின் சாயத்தொழிலாளர் நூற்றாண்டுகள் பலவாகச் செய்துவந்தனர். அவர்களின் கையறிவு எவ்வாறு இயங்கியது, அது ஏன் மறையத் தொடங்கியது, இன்று வீட்டில் அமைக்கும் சிறு கலைக்கூடத்தில் அதனை எவ்வாறு பயிலலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

‘சாயம் வெளுத்துவிட்டது’ என்பது தமிழில் அன்றாடம் வழங்கும் தொடர். ஒருவரின் போலித்தன்மை வெளிப்படுவதை அது குறிக்கும். சாயத்தொட்டியில் விழுந்து நீலநிறம் பெற்ற நரி, காட்டுக்கு அரசனாக நடித்ததையும் மழையில் அதன் சாயம் கரைந்ததையும் கூறும் கதையைச் சிறுவரும் அறிவர். ஆனால், அவுரியிலிருந்து எடுத்து முறையாக ஏற்றிய நீலம் மழையில் கரைந்து ஓடுவதில்லை. வெளுக்கும் சாயம் எது, வெளுக்காத சாயம் எது என்று பகுத்தறிந்ததே சாயத்தொழிலின் முதற்படி எனலாம்.

பருத்தியும் நிறமும்

கம்பளியும் பட்டும் விலங்குவழிப் புரத இழைகள். அவை பல சாயங்களை எளிதில் ஏற்கும். பருத்தி அத்தகையது அன்று. அது செல்லுலோசு என்னும் தாவரப் பொருளால் ஆனது. இயற்கைச் சாயங்களுள் பெரும்பாலானவற்றை அது தானாகப் பற்றிக்கொள்வதில்லை. மஞ்சள் கிழங்கை அரைத்து அதில் வெள்ளைத் துணியை நனைத்தால் ஒளிமிக்க மஞ்சள் நிறம் உடனே தோன்றும். அத்துணியைச் சில நாள் வெயிலில் உலர்த்தினால் அந்நிறம் மங்கிவிடும். பீட்ரூட்டின் சிவப்பும் அவ்வாறே நில்லாது அகலும்.

நிறத்தையும் இழையையும் பிணைக்க இடையில் ஒரு பொருள் தேவை. அதனை ‘நிறமூன்றி’ என்பர். படிகாரம் மிகப் பழைய நிறமூன்றிகளுள் ஒன்று. அதிலுள்ள அலுமினியம் ஒருபுறம் இழையையும் மறுபுறம் சாயத்தையும் பற்றிக்கொள்கிறது. கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருள் அலுமினியம் பருத்தியில் நன்கு பதிய உதவுகிறது. இவ்வுண்மையை வேதியியல் நூல்கள் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தியத் துணைக்கண்டத்தார் செயலில் அறிந்திருந்தனர். மொகஞ்சதாரோ அகழாய்வில் வெள்ளிக் கலத்தோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணியின் சிறு துண்டில் மஞ்சட்டி இனத்துச் சிவப்பு ஏற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய சான்று அது.

சாயவேரின் சிவப்பு

தமிழகக் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களிலும், இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் வளரும் சிறுசெடி ஒன்று உண்டு. இம்பூறல் எனப்படும் அச்செடியின் மெல்லிய வேரே ‘சாயவேர்’. ஆங்கிலேயர் அதனைச் ‘சே ரூட்’ என்று வழங்கினர். அப்பெயரின் முற்பகுதி தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது. வேரின் பட்டையில் அலிசாரின் என்னும் செந்நிறப்பொருள் உள்ளது.

இவ்வேரால் சாயமிடும் முறையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருந்தது. நெசவிலிருந்து வந்த காடாத்துணியில் கஞ்சிப் பசையும் இயற்கையான மெழுகும் இருக்கும். அவை நீங்கும்வரை துணியைத் துவைத்து வெயிலில் வெளுத்தனர். பின்னர், கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்தினர். கடுக்காயின் துவர்ப்பு நிறமூன்றியை ஈர்த்தது. பாலின் கொழுப்பு, வரையும் கோடுகள் பக்கங்களில் கசிந்து பரவாமல் தடுத்தது.

அதன்பின் மூங்கில் எழுதுகோலால் துணியில் வரைந்தனர். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைப் பூசினர். கருமை வரவேண்டிய இடங்களில் இரும்புக் காடியைப் பூசினர். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் பல நாள் புளிக்கவைத்தால் கிடைப்பது இக்காடி. அது கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்தவுடன் கருநிறமாகும். படிகாரமோ நிறமற்றது. ஆதலால் வரைந்தபின்னும் சிவப்புப் பகுதிகள் கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படுவதில்லை.

இறுதியில் துணியைச் சாயவேர் நீரில் இட்டுக் காய்ச்சினர். அப்போதே படிகாரம் பட்ட இடங்களில் சிவப்பு தோன்றி உறுதிபெற்றது. படிகாரம் படாத இடங்களில் ஏறிய மங்கலான நிறம், சாணநீரில் அலசி வெயிலில் வெளுக்க நீங்கியது. ஒரே வேர் படிகாரத்தோடு சேர்ந்தால் சிவப்பையும் இரும்போடு சேர்ந்தால் கருஞ்செவ்வூதாவையும் தரும். எந்த நிறம் எங்கே நிற்கவேண்டும் என்பது சாயத்தொட்டிக்குள் துணி இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

நீரின் தன்மையும் நிறத்தை மாற்றும். அலிசாரின் சிவப்பு முழுமை பெற அலுமினியத்தோடு சிறிதளவு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். சாயத்தொழில் சில ஊர்களில் செழித்ததற்கும் வேறு சில ஊர்களில் செழிக்காமைக்கும் அவ்வவ்வூர்க் கிணற்றுநீர் ஒரு காரணமாயிற்று.

அவுரியின் நீலம்

அவுரி நிறமூன்றியை வேண்டாத சாயம். அதன் இலைகளை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரைக் காற்றுப்படுமாறு நெடுநேரம் அடித்துக் கலக்குவர். நீலம் வண்டலாக அடியில் படியும். அதனை வடித்து உலர்த்திக் கட்டிகளாக்குவர். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் இத்தொழில் இன்றும் நடைபெறுகிறது.

நீலக்கட்டி நீரில் கரையாது. அதனைக் கரையச் செய்யச் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளோடு தகரை விதையை வேகவைத்துச் சேர்த்துத் தாழியில் புளிக்கவைத்தனர். புளிப்பின்போது நுண்ணுயிர்கள் தாழியின் உயிர்வளியை அகற்ற, நீலம் மஞ்சட்பச்சை நிறக் கரைசலாக மாறும். அதில் தோய்த்தெடுத்த துணி முதலில் பசுமையாகத் தோன்றும். காற்றுப்பட்டவுடன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். மீண்டும் கரையாத நிலையை அடைந்து இழைக்குள் தங்கிவிடுவதால் அந்நீலம் நீரில் கழுவப்படுவதில்லை. மணம், நுரை, மேற்பரப்பின் செம்பளபளப்பு ஆகியவற்றைக் கொண்டே தாழி பக்குவமடைந்ததை அறிந்தனர்.

கடல் கடந்த புகழ்

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் செங்கல் தொட்டிகள் வெளிப்பட்டன. அவை துணிகளுக்குச் சாயமிடப் பயன்பட்டவையாகலாம் எனக் கருதப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையின் வண்ணத்துணிகள் ஐரோப்பியச் சந்தைகளில் பெரும் வரவேற்பைப் பெற்றன. துவைத்தாலும் நிறம் போகாத பருத்தித்துணி அங்கு வியப்புக்குரியதாயிற்று. உள்நாட்டு நெசவாளரைக் காக்கும்பொருட்டுப் பிரான்சு 1686ஆம் ஆண்டு இத்தகைய துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்தும் 1700, 1721ஆம் ஆண்டுகளில் தடைச்சட்டங்களை இயற்றியது.

தடை செய்த நாடுகளே அத்தொழிலின் நுட்பத்தை அறியவும் முனைந்தன. 1730களில் பொலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர், புதுச்சேரியில் துணி சாயமேறுவதைப் படிப்படியாகக் கவனித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு துணித்துண்டை வெட்டி இணைத்துக் குறிப்பெழுதினார். 1742ஆம் ஆண்டு கேர்தூ என்னும் இயேசு சபைத் துறவி, சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றை விரிவான மடலாக எழுதி அனுப்பினார்.

இன்று பதினெட்டாம் நூற்றாண்டுச் சாயமுறையை ஆராய்வோர் பெரிதும் நாடுவது இக்குறிப்புகளையே. தொழிலைச் செய்தவர்கள் அதனை ஏட்டில் எழுதிவைக்கும் தேவையை உணரவில்லை. தந்தையின் கையைப் பார்த்து மகனும், தாயின் கையைப் பார்த்து மகளும் கற்றனர். கற்போர் இருந்தவரை அம்முறை குறையற்றதாகவே இருந்தது. கற்போர் அற்றபோது அறிவும் உடன் மறைந்தது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக மெழுகும் சாயமும் பொன்னிழையும் சேர்த்து உருவாக்கப்பட்ட கோடாலிக் கருப்பூர்ச் சேலைகள் இதற்குச் சான்று. அரச ஆதரவு நின்றபின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்நெசவு அருகியது. அதன் எச்சங்களை இன்று அருங்காட்சியகங்களில் காணலாம்.

செயற்கைச் சாயத்தின் வருகை

1856ஆம் ஆண்டு, பதினெட்டு வயதுடைய வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கிலேய மாணவர் மலேரியாவுக்கான மருந்தை உருவாக்க முயன்றபோது, எதிர்பாராது ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868ஆம் ஆண்டு செருமானிய அறிஞர்கள் கிரேபே, லீபர்மான் இருவரும் அலிசாரினை ஆய்வகத்தில் உருவாக்கினர். 1897ஆம் ஆண்டு செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. வேரைத் தோண்டவும் இலையைப் புளிக்கவைக்கவும் வேண்டாத சாயங்கள் குறைந்த விலையில் கிடைத்ததால், சாயவேரும் அவுரியும் சந்தையை இழந்தன.

செயற்கைச் சாயம் எளிய மக்களுக்கும் வண்ண ஆடையை வழங்கியது. அந்நன்மையை மறுத்தல் இயலாது. எனினும், அதன் கழிவு ஆறுகளைப் பாழாக்கியது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு உதவாமற்போயிற்று. விதிகளைப் பின்பற்றாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இந்நிகழ்வுகள் இயற்கைச் சாயத்தின்மீது மீண்டும் கவனத்தைத் திருப்பின. ஆயினும், ‘இயற்கை’ என்னும் பெயர் மட்டுமே ஒரு சாயத்தைத் தீங்கற்றதாக்கிவிடாது. நிறம் ஏற்றப் பயன்படுத்தும் குரோமிய உப்புகள் நச்சுத்தன்மை உடையவை. காட்டு மரங்களின் பட்டையை உரித்துச் சாயமெடுத்தல் மரங்களை அழிக்கும். எதை எடுக்கிறோம், எதை வெளியேற்றுகிறோம் என்னும் இரு வினாக்களும் சாயத்தொழிலில் என்றும் உடன் நிற்கவேண்டியவை.

வீட்டுக் கலைக்கூடம்

சிறிய அளவில் சாயமிடப் பெரிய கருவிகள் தேவையில்லை. எவர்சில்வர்ப் பாத்திரம், சிறு தராசு, மரக்கரண்டி, கையுறை, முகக்கவசம் ஆகியவை போதும். சாயமிடும் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது. இரும்புப் பாத்திரம் நிறத்தைக் கருக்கச் செய்யும்.

நூறு கிராம் பருத்தித் துணிக்குக் கடுக்காய்த்தூள் 20 கிராம், படிகாரம் 15 கிராம், மஞ்சட்டி வேர்த்தூள் 50 கிராம் என்னும் அளவு தொடக்கநிலையினருக்கு ஏற்றது. முதலில் சலவைச் சோடா கலந்த நீரில் துணியை ஒரு மணிநேரம் காய்ச்சி அலசவேண்டும். தண்ணீர் பழுப்பாக மாறுவது துணியின் அழுக்கும் மெழுகும் நீங்குவதன் அடையாளம். அடுத்து, கடுக்காய் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, அலசாமல் பிழிந்து உலர்த்தவேண்டும். பிறகு வெந்நீரில் கரைத்த படிகாரத்தில் மற்றோர் இரவு ஊறவைத்து, உலர்த்தி, மெல்ல அலசவேண்டும். இறுதியாக மஞ்சட்டி நீரில் இட்டு, ஒரு மணிநேரத்தில் சிறிது சிறிதாகச் சூடேற்றி, அந்நீரிலேயே ஆறவிடவேண்டும். விரைந்து சூடேற்றினால் நிறம் திட்டுத்திட்டாகப் படியும்.

சாயமேறிய துணியில் ஒரு துண்டைச் சில துளி இரும்புக் காடி கலந்த நீரில் நனைத்தால் சிவப்பு ஊதா கலந்த பழுப்பாக மாறுவதைக் காணலாம். இரும்பு மிகுந்தால் காலப்போக்கில் இழை நைந்துவிடும். ஆதலால் அளவு அறிந்து பயன்படுத்தவேண்டும். எஞ்சிய படிகார நீரையும் சாய நீரையும் கொட்டிவிடாமல் அடுத்த துணிக்குப் பயன்படுத்துவது சிக்கனமும் பொறுப்பும் ஆகும்.

நிறத்தைச் சோதிக்கும் முறை எளிது. துணித்துண்டின் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, இரு வாரம் வெயில்படும் சாளரத்தில் வைக்கவேண்டும். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் இடையே உள்ள வேறுபாடே சாயத்தின் தரத்தைக் கூறிவிடும்.

கலைக்கூடத்தின் மிகமுதன்மையான கருவி ஒரு குறிப்பேடு. துணியின் எடை, தண்ணீர் எடுத்த இடம், ஒவ்வொரு பொருளின் அளவு, ஊறிய நேரம், கிடைத்த நிறம் ஆகியவற்றை எழுதி, அருகே துணித்துண்டு ஒன்றையும் ஒட்டிவைக்கவேண்டும். கை அறிந்ததை ஏடும் அறிந்தால், அடுத்த தலைமுறை அதனை அயலார் எழுதிய மடல்களில் தேடவேண்டியதில்லை. துணியில் நிறத்தை நிறுத்தப் படிகாரம் உதவுவதுபோல, காலத்தில் கலையை நிறுத்த எழுத்து உதவும்.

தெரிந்து தெளிவோம்

மதுரைச் சுங்குடிச் சேலை 2005ஆம் ஆண்டிலும், கருப்பூர்க் கலம்காரி ஓவியம் 2021ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பது சுங்குடி. முடிச்சினுள் சாயம் புகாத இடங்கள் புள்ளிகளாக மலரும்.

கற்பவை கற்றபின்

1. மஞ்சள், வெங்காயத்தோல், மாதுளைத்தோல் ஆகியவற்றால் சாயமிட்ட துணித்துண்டுகளை வெயிலில் சோதித்து, கண்ட முடிவுகளை அட்டவணையாக்குக.

2. உங்கள் ஊரிலுள்ள நெசவாளர் அல்லது சாயத்தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து, பொருளுடன் வகுப்பறையில் வழங்குக.

3. ‘எழுதப்படாத அறிவு’ என்னும் தலைப்பில், உங்கள் குடும்பத்தில் வாய்வழியாக மட்டும் வழங்கிவரும் கைத்திறன் ஒன்றைப் படிப்படியாக விளக்கிக் கட்டுரை எழுதுக.