ஓணானுக்கு முன் சுவர்க்கோழிக்குச் சோறு

பியர்டட் டிராகன் ஓணானோ லெப்பர்ட் கெக்கோ பல்லியோ புதிதாக வாங்கியிருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். லண்டனில் ஒரு சின்ன வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக இவற்றோடு வாழ்கிறேன்; இரண்டையும் ஓணான் என்றே அழைக்கிறேன். ஓணானைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் கிடைப்பார்கள். அதன் இரையைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு.

1. கடையில் வாங்கிய சுவர்க்கோழியை அன்றைக்கே இரையாகப் போடாதீர்கள். டப்பாவுக்குள் பட்டினி கிடந்து வந்திருக்கும். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், உங்கள் வீட்டில் வயிறாரத் தின்னட்டும். கேரட், கடுகுக் கீரை, பூசணித் துண்டு எல்லாம் கொடுங்கள். அது தின்றதுதான் ஓணானின் வயிற்றுக்குப் போகிறது. என் முதல் ஓணானுக்கு நான் இதைச் செய்யவில்லை. ஒரு நாள் பாய்ந்து இரையைக் கவ்வியது, மெல்ல முடியாமல் நழுவவிட்டது. மறுபடியும் கவ்வியது, மறுபடியும் நழுவியது. கீழ்த்தாடையைத் தொட்டுப் பார்த்தேன், கால்சியம் போதாமல் ரப்பர் போல வளைந்தது. மருத்துவம் பார்த்துப் பிழைத்துக்கொண்டது. ஆனால் முன்னங்கால் கடைசிவரை கோணல்தான்.

2. சுவர்க்கோழியின் உடம்பில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் எட்டொன்பது பங்கு. ஓணானுக்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிட அதிகமான கால்சியம். அதனால் இரையை ஒரு பையில் போட்டு, சிட்டிகை கால்சியம் பவுடர் சேர்த்துக் குலுக்கி, உடனே கொடுங்கள். தாமதித்தால் பூச்சி தன் உடம்பைத் துடைத்துப் பவுடரை உதிர்த்துவிடும். பியர்டட் டிராகனுக்கு யூவிபி (புற ஊதா) விளக்கும் கட்டாயம். அது இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் சேராது.

3. பூச்சிப் பெட்டி ஆழமாக இருக்கட்டும். மூடியில் பெரிய துவாரம் வெட்டி உலோக வலை ஒட்டுங்கள், நைலான் வலையைக் கடித்துத் துளைத்துவிடும். முட்டை அட்டைகளைப் படுக்கப் போடாமல் நிற்க வையுங்கள். எச்சம் கீழே விழுந்துவிடும், கூட்டுவது சுலபம். ஈரம்தான் இவற்றுக்கு எமன். மூடியைத் திறந்ததும் மூக்கில் நெடி ஏறினால், செத்தவற்றை அன்றே பொறுக்கி எடுத்து அட்டையை மாற்றுங்கள்.

4. தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், விழுந்து சாகும். வெள்ளரித் துண்டு போதும். வாடுவதற்குள் மாற்றுங்கள்.

5. ஓணானின் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய இரை கூடாது.

6. தின்னாமல் விட்டதை இரவுக்குள் பிடித்துவிடுங்கள். தூங்குகிற ஓணானின் விரலையும் இமை ஓரத்தையும் சுவர்க்கோழி கடிக்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

7. இரைக்கான மீல்வார்ம் புழுவைத் தவிட்டில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், வளர்ச்சி மந்தமாகும். வாரம் ஒரு நாள் வெளியே எடுத்துத் தீனி கொடுங்கள். அதே நினைப்பில் சூப்பர்வார்ம் புழுவையும் உள்ளே வைத்துவிடாதீர்கள். குளிரில் செத்துப்போகும்.

8. தோட்டத்துப் பூச்சி வேண்டவே வேண்டாம். எந்தச் செடியில் என்ன மருந்து அடித்தார்களோ! மின்மினி ஒன்றே ஒன்று போதும், பியர்டட் டிராகனின் உயிரைக் குடித்துவிடும்.

9. புதிதாக வாங்கிய சுவர்க்கோழியைப் பழைய கூட்டத்தோடு கலக்காதீர்கள், நோய் தொற்றிவிடலாம். 2010-ஐ ஒட்டி வட அமெரிக்காவில் ஒரு வைரஸ் சுவர்க்கோழிப் பண்ணைகளையே காலி செய்தது.

10. ஆறு மாதம் பழகிய பிறகு நீங்களே சுவர்க்கோழிக் குஞ்சு பொரிக்க வைத்துப் பாருங்கள். ஈரத் தேங்காய் நார்த்தூளில் பெட்டை ஊசி போன்ற வாலை இறக்கி முட்டையிடும். 30 டிகிரிச் சூட்டில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் வெளிவரும். எறும்பைவிடச் சிறியவை, துளித் தண்ணீரிலும் மூழ்கும். நனைத்துப் பிழிந்த பஞ்சு ஒன்றை ஓரமாக வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பஞ்சைச் சுற்றி வந்து குடிக்கும்.