வினிகரும் ஏழு ஆண்டுக் காத்திருப்பும்

புற்றுநோய் ஆய்வு என்றதும் நம் மாணவர் பலருக்கு நுண்ணோக்கியும் சோதனைக் குழாயும்தான் நினைவுக்கு வரும். மருத்துவர் ரெங்கசாமி சங்கரநாராயணனின் ஆய்வுக்கூடமோ கிராமங்கள். திருவனந்தபுரத்தில் புற்றுநோய் மருத்துவராக இருந்தவர், பின்னர் பிரான்சின் லியோன் நகரிலுள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, நோயை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வுகளை வழிநடத்தினார்.

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் அவர் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில், பயிற்சி பெற்ற தாதியர் 4 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தனர். மாறுதல் அடைந்த திசு வெள்ளையாகத் தெரியும். (நம் சமையலறை வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான்!) தேவைப்பட்டோருக்கு அப்போதே குளிர்ச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது.

விடை 2007இல்தான் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை அளிக்கப்படாத ஊர்களும் இருந்தன. அது முறையா என்ற கேள்வி பிறகு எழுந்தது. எனக்கும் அது உறுத்துகிறது. இத்துறைக்கு வர விரும்பும் நண்பர்கள் அக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

அதே காலத்தில், மகாராஷ்டிராவில் அன்று உஸ்மானாபாத் எனப்பட்ட மாவட்டத்திலும் அவர் குழு வினிகர் முறையை மனிதப் பாப்பிலோமா வைரஸ் சோதனையோடு ஒப்பிட்டது. ஒரே ஒரு வைரஸ் சோதனை இறப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. வினிகர் முறையிலோ குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. தாம் பரப்பிய முறை பின்தங்கியதை 2009இல் அவர்களே வெளியிட்டனர்.