மருந்தும் தொடர வேண்டும், எலும்பும் காக்க வேண்டும்

மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோயாகும். அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பும் பெண்கள் பலருக்கு, ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ நாள்தோறும் உட்கொள்ள மாத்திரை தரப்படுகிறது. “இதைத் தின்றால் எலும்பு தேயுமாம்” என்றஞ்சிச் சிலர் அதனை இடையில் நிறுத்தி விடுகின்றனர். அந்த அச்சத்தில் உண்மை உண்டு. ஆயினும், மாத்திரையை நிறுத்துவோர் நோய் திரும்பி வர வழிவிடுகின்றனர். உரிய வழி யாதெனக் காண்போம்.

எலும்பு மெலிவது ஏன்?

எலும்பு உயிருள்ள பொருள். பழையதை அரித்தெடுக்கும் அணுக்களும், புதியதைக் கட்டும் அணுக்களும் அதில் ஓயாது பணிபுரிகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்புநீர் அரிக்கும் அணுக்களை அடக்கி வைக்கிறது. அது குறைந்தால் அரிப்பு மிகும்.

மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை இதே ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை. அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள், மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் அது உண்டாவதைத் தடுக்கின்றன. புற்று தன் உணவை இழக்கிறது. எலும்பும் தன் காவலை இழக்கிறது. தமொக்சிபென் இதற்கு மாறானது. மாதவிடாய் நின்றவர்களின் எலும்பை அது காக்கவே செய்கிறது. இளம் பெண்களுக்குக் கீமோ சிகிச்சையால் மாதவிடாய் முன்னதாகவே நின்று, எலும்பு விரைந்து மெலியலாம். ஆகவே, தாம் உட்கொள்ளும் மருந்தின் பெயரை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

அளந்து அறிதல்

எலும்பு வலியின்றியே மெலியும். முறிந்த பின்னரே பலர் அறிகின்றனர். எனவே, சிகிச்சை தொடங்கும்போதே எலும்பு அடர்த்திச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சோதனை வலியற்றது. அளவு -2.5 அல்லது அதற்கும் கீழே இருப்பின், எலும்புப்புரை என்று பொருள்.

நாம் செய்யக்கூடியவை

1. உணவு: நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்திலி, தௌபூ, கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியனவும் உதவும். அச்சத்து உடலில் சேர வைட்டமின் ‘டி’ வேண்டும். அது குறைவாயின் மருத்துவர் மாத்திரை தருவார்.

2. நடை: நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது எலும்புக்கு உரமூட்டும். இம்மருந்துகளால் வரும் மூட்டுவலியையும் தணிக்கும். வலி பொறுக்க இயலாவிடின் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றித் தரலாம்.

3. விழாமை: இருள் பிரியாத வேளையில் பால்மரம் வெட்டச் செல்வோர் தலைவிளக்கும், வழுக்காத காலணியும் அணிய வேண்டும். எலும்பு மெலிந்தோர் குனிந்து பால் வாளி தூக்குவதைத் தவிர்த்து, மருத்துவரின் கடிதத்துடன் இலகுவான வேலை கேட்கலாம்.

4. புகையும் மதுவும் எலும்பின் பகைகள், விலக்குக.

எலும்புக்குரிய மருந்து

தேவைப்படுவோருக்குச் சோலெட்ரோனிக் அமிலம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிரைவழி செலுத்தப்படுவதுண்டு. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் வெளியான முடிவு கருதத்தக்கது. மாதவிடாய் நின்ற பெண்களிடையே பத்தாண்டுகளில் எலும்பில் புற்று மீண்டும் தோன்றியது நூற்றுக்கு 8.8 ஆக இருந்தது. இவ்வகை மருந்து பெற்றோரிடம் அது 6.6 ஆகக் குறைந்தது. அரிதாகத் தாடையெலும்பு பாதிக்கப்படலாம். ஆதலால், பல் பிடுங்க வேண்டியிருப்பின் மருந்து தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். டெனோசுமாப் ஊசி பெறுவோர் தவணை தவறலாகாது. திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறியக்கூடும்.

புதிதாகத் தோன்றி நீடிக்கும் முதுகுவலியைத் தைலம் தேய்த்து ஒதுக்கிவிடாதீர். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க இயலாவிடினோ அன்றே மருத்துவமனை செல்க.

குடும்பத்தினருக்கும் இதில் கடமை உண்டு. தாய்க்கோ மனைவிக்கோ மாத்திரை வேளையை நினைவூட்டுவதும், அவர் கைச்சுமையை வாங்கிக்கொள்வதும் மருத்துவத்தின் பகுதியே.

சிந்திக்க: உங்கள் இல்லத்தில் இச்சிகிச்சை பெறுபவர் எம்மருந்தை உட்கொள்கிறார்? அவரது எலும்பு அடர்த்தி அளக்கப்பட்டதா?