சதுப்பு நிலமும் வண்ணத்துப்பூச்சியும்

வண்ணத்துப்பூச்சி என்றதும் பூந்தோட்டமே நம் நினைவுக்கு வரும். ஆனால் சேறும் நீரும் நிறைந்த சதுப்பையே வீடாகக் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் உண்டு. இங்கிலாந்து நாட்டில் அவற்றுக்கு நேர்ந்ததை இங்கே காண்போம்.

குளிர்நாடுகளில் நீர் தேங்கிய இடங்களில் பாசிகளும் புற்களும் மடிந்து, காற்றுப் படாமையால் முழுதும் மக்காமல் படிகின்றன. இதுவே ‘பீட்’ எனப்படும் கரிமண். இது ஒரு மீட்டர் ஆழம் சேர ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் ஆகும்.

கிழக்கு இங்கிலாந்தில் விட்டில்சி என்னும் பெரிய ஏரி இருந்தது. அதைச் சூழ்ந்த சதுப்பில் செம்பு நிறச் சிறகுடைய ‘லார்ஜ் காப்பர்’ வாழ்ந்தது. அதன் புழு, நீரோரத்தில் வளரும் சுக்கான்கீரை இனத்துச் செடி ஒன்றை உண்டு வளரும். உழவுக்காக 1851-ஆம் ஆண்டில் ஏரியை வடித்தனர். அந்நூற்றாண்டின் நடுவிலேயே அப்பூச்சி அந்நாட்டிலிருந்து மறைந்தது. அப்போது தரைமட்டமாகப் புதைத்த இரும்புத் தூண் ஒன்று, இன்று ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் உயரவில்லை; நீர் வடிந்த கரிமண் சுருங்கியது, காற்றுப்பட்டு மக்கிக் கரியமில வாயுவாகவும் போயிற்று.

அப்படியானால் கெட்டுப்போன சதுப்பில் பூச்சிகளே இராவோ? இருக்கும். காஞ்சொறிச் செடி முளைக்கும். அதைத் தின்னும் ‘பீகாக்’ போன்றவை வரும். சில வேளை இனங்களின் எண்ணிக்கை கூடவும் செய்யும். ஆனால் அவை எங்கும் வாழக்கூடியவை. சதுப்பை நம்பியவற்றுக்கோ வேறு புகலிடம் இல்லை. ஆகவே எத்தனை இனங்கள் என்று எண்ணினால் மட்டும் போதாது. எவை என்றும் நாம் கேட்க வேண்டும்.

இழந்ததை மீட்க முடியுமா? 1927-இல் ஹாலந்து நாட்டு லார்ஜ் காப்பரை வுட்வால்டன் ஃபென் என்னும் காப்பிடத்தில் விட்டனர். சிறிய அவ்விடத்தில் மனிதர் துணையின்றி அது நிலைக்கவில்லை. மான்செஸ்டர் அருகே ஆஸ்ட்லி மாஸ் என்னும் சதுப்பிலோ முதலில் வடிகால்களை அடைத்து, நீரைத் தேக்கி, பஞ்சுப்புல்லை வளர்த்தனர். அப்புல்லைத் தின்று வளரும் ‘லார்ஜ் ஹீத்’ வண்ணத்துப்பூச்சியை அதன்பின் 2020-இல் அங்கே விட்டனர்.

முதலில் நீர், பின்பு செடி, அதன் பின்னரே பூச்சி. இவ்வரிசையை மறவாதிருப்போம். நம் ஊர்க் குளத்தங்கரையில் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் காணும்போது அதன் அழகை மட்டும் வியவாமல், அதன் புழு எச்செடியை உண்கிறது, அச்செடிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்றும் தேடிப் பார்ப்போமாக.