அரசுக் கோப்பும் திறந்த மூல மென்பொருளும்



எங்கள் ஊர் அரிமளம். எங்க வீட்டில் படித்து மேலே வந்த முதல் ஆள் நான்தான். அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். பட்டாவில் தாத்தா பெயர் பிழையாக இருந்தது. திருத்தக் கோரி ஒரு மனுவைக் கடையில் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பை ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து அப்பாவும் நானும் நேரில் போனோம். "என்ன தம்பி, இங்கிலீஷ்ல என்னமோ கிறுக்கி அனுப்பியிருக்கே?" என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

தப்பு எங்கே? கடைக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். அதில் ஆங்கில 'எம்' விசையைத் தட்டினால் திரையில் 'அ' தெரியும். கோப்புக்குள் பதிவாவது 'எம்' தான். 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அம்மாவைக் காணோம்! ஒருங்குறியில் அப்படியில்லை. 'அ'வுக்கு உலகம் முழுக்க ஒரே எண், 2949. தமிழக அரசும் 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. புதுக் கோப்புக்கு வழி பிறந்தது, பழைய கோப்புகள்?

இங்கேதான் திறந்த மூல மென்பொருள் கைகொடுக்கிறது. 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் பழைய குறிமுறைகளை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி உண்டு. யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். நானும் படித்தேன். மந்திரம் ஒன்றுமில்லை, 'இந்தக் குறிக்கு இந்த எழுத்து' என்ற நீண்ட அட்டவணைதான். ஆனால் வரிசை முக்கியம். பாமினியில் 'கெ' அடிக்கும்போது கொம்பு முதலில், 'க' பிறகு. ஒருங்குறியில் 'க' முதலில், கொம்பு பிறகு. 'கொ'வுக்கு முன்னால் 'கெ'யை மாற்றிவிட்டால் கால் மட்டும் தனியே தொங்கும். ஆகவே நீளமான குறிகளை முதலில் மாற்ற வேண்டும். மூடிய மென்பொருளாக இருந்தால் இதை நமக்கு யார் காட்டுவார்கள்? தயாரித்த கம்பெனி கடையைக் கட்டினால் அரசுக் கோப்பும் அதோடு போச்சு.

அரசு இந்தப் பக்கம் வராமல் இல்லை. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. விலையில்லா மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மடிக்கணினியில் அதை ஒருநாளும் திறந்ததில்லையாம். "சொல்லிக் கொடுக்க ஆளில்லடா" என்றார். கேரளத்திலோ பள்ளிக் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. கொடுத்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து.

அப்பாவின் மனுவை நானே ஒரு சிறு அட்டவணை எழுதி மாற்றினேன். 'ஸ்ரீ' விட்டுப்போச்சு. தாத்தா பெயரே 'ஸ்ரீ'யில்தான் தொடங்கும்! அதைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை வாங்கி எண் போட்டுக் கொடுத்தார்கள். பட்டா இன்னும் வரவில்லை. அது மென்பொருள் சமாச்சாரம் இல்லை.